வில்ஷ்காவின் கடைசி வரி

வழக்கைக் கூப்பிட இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டு வக்கீல் அருள்மொழி கீழே டீ குடிக்கப் போன பிறகு, குடும்ப நல நீதிமன்றத்தின் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் கிடந்த மர பெஞ்சின் ஒரு கோடியில் வசுமதியும் மறு கோடியில் சிவசைலமும் மிச்சமானார்கள். நடுவில் அவளுடைய கைப்பை, அவனுடைய பிளாஸ்டிக் ஃபைல், இரண்டுக்கும் இடையில் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம், ஆனால் வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றுகொண்டேயிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷக் கல்யாணம். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருமுறை இதே மாடிக்கு வந்து கையெழுத்துப் போட்டாயிற்று, யோசிக்கச் சட்டம் கொடுத்த ஆறு மாதமும் ஓடிவிட்டது, இன்று நீதிபதி ஆளுக்கொரு கேள்வி கேட்பார், ஆளுக்கொரு பதில் சொன்னால் முடிந்தது. பரஸ்பர சம்மதம். சம்மதித்துப் பிரிவதற்கு இவ்வளவு மாடிப்படி ஏறவேண்டியிருக்கிறது என்று முட்டிவலிக்காரியான வசுமதி நினைத்துக்கொண்டாள். டீக்குப் போகுமுன் அருள்மொழி குனிந்து அவள் காதோடு ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள், எல்லாக் கட்சிக்காரர்களிடமும் சொல்கிற வாடிக்கையான வார்த்தைதான், "மேடம், ஜட்ஜ் கேக்கற நிமிஷம் வரைக்கும் நீங்க மனசை மாத்திக்கலாம். இஷ்டமில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அதோட கேஸ் நின்னுடும்." அதைச் சொல்லாமலே போயிருக்கலாம். மனு முழுக்க அருள்மொழி இங்கிலீஷில் எழுதியிருந்தாள், பக்கத்துக்குப் பத்துத் தடவை 'வீ', நாங்கள் தனித்தனியே வாழ்கிறோம், நாங்கள் சேர்ந்து வாழ இயலாதவர்கள், நாங்கள் மனமுவந்து, என்று வசுமதியின் தலை பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வரியையும் தமிழாக்கிக்கொண்டே வாசித்தது, வாசித்து முடித்தபோது இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு நெருக்கமாக 'நாங்கள்' போட்டு ஒரு காகிதத்தை இருவரும் சேர்ந்து எழுதியதே இல்லை என்று பட்டது. அப்போது சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

நாங்களா, நாமா. இந்த உலகத்தில் இதற்காகச் சண்டை போட்ட தம்பதி வேறு யாராவது இருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஜெர்மன்காரனுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, இங்கிலீஷ்காரனுக்கும் கிடையாது, 'வீர்' என்று ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு கேட்கிறவனைச் சேர்த்துச் சொல்கிறோமா விட்டுவிட்டுச் சொல்கிறோமா என்ற கவலையே இல்லாமல் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு கவிதை எழுதிச் செத்தும் போய்விடலாம். ஆந்த்ரெயாஸ் வில்ஷ்கா அப்படித்தான் செத்தான். மொராவியாவில் ஒரு ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தா, நெஞ்சு சரியில்லாததால் யுத்தத்துக்கு எடுத்துக்கொள்ளப்படாதவன், முப்பத்தைந்து வயது வரை இருந்தவன், அதற்குள் நாற்பத்துமூன்று கவிதை, எல்லாம் சரக்கு ரசீதுகளின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் இத்தனை மூட்டை பார்லி, இத்தனை பெட்டி ஆணி. பின்பக்கத்தில் மேசை, ரொட்டி, கதவு, விளக்கு. அவ்வளவுதான் அவன் உலகம், பூ கிடையாது, கடவுள் இரண்டே இடத்தில், அதுவும் ஆபீஸ் மேலதிகாரியைச் சொல்வதுபோல ஒட்டாமல். பெயரடையை அடித்து அடித்து, கடைசிக் காலத்தில் எழுதியதில் 'வெள்ளை' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு பெயரடையே இல்லை, அந்த வெள்ளையும் துணிக்கு. அவனுக்கு ஒரே ஒரு போட்டோ, அதில் கழுத்து திரும்பிவிட்டதால் ஒரு காது இரண்டாகத் தெரியும். கல்லூரி முடித்த கையோடு ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தபோது பழைய பாடப்புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் வசுமதி அந்தப் போட்டோவைப் பார்த்தாள், என்ன இந்த ஆள் இப்படிக் கூப்பிட்ட சத்தம் கேட்டுத் திரும்புகிறானே, யார் கூப்பிட்டார்கள் என்று தோன்றியது, அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்து "காது ரெண்டு இருக்கு" என்றான். எல்லாருக்கும் காது ரெண்டுதாங்க என்று அவள் சொன்னாள். அது சிவசைலம்.

நாற்பத்துமூன்றை இருபத்திரண்டு வருஷத்தில் மொழிபெயர்த்தார்கள், வருஷத்துக்கு இரண்டுகூட இல்லை, எறும்பே தேவலை. முதல் நாற்பத்திரண்டும் எப்படியோ நடந்தன. கடைசிக் கவிதையில் வண்டி நின்றுவிட்டது. தலைப்பு இல்லாத கவிதை, சாவதற்கு ஒரு வாரம் முன்னால் எழுதியது, ஒட்டிலியே என்ற அவன் மனைவி ஒரு வருஷம் அக்கா வீட்டில் இருந்துவிட்டு அந்த வாரம் மூன்று நாள் வந்துபோனதாக ஒரு வரலாற்றாசிரியர் சொல்கிறார், வரவேயில்லை என்று இன்னொருவர் சொல்கிறார். மேசையைத் துடைத்தாயிற்று. விளக்கு இன்னும் ஏற்றவில்லை. யாரோ படியேறி வருகிறார்கள். நான்காவது வரிதான் வினை. 'வீர்' வீட்டில் இல்லை. நாங்கள் வீட்டில் இல்லை என்று போட்டால், உள்ளே இரண்டுபேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து படியேறி வருகிறவனுக்குப் பதில் சொல்கிறார்கள், போய்விடு, நாங்கள் இல்லை. வருகிறவன் எமனாகவும் இருக்கலாம், பால்காரனாகவும் இருக்கலாம், அது அவன் பாடு, உள்ளே இருக்கிற இரண்டுபேர் இரண்டுபேராக இருக்கிறார்கள், அதுதான் விஷயம் என்பாள் வசுமதி. நாம் வீட்டில் இல்லை என்று போட்டால், ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து மெதுவாகச் சொல்கிறான், இந்த மேசை, இந்த விளக்கு, இவ்வளவும் இருந்தும் நீயும் சரி நானும் சரி வீட்டில் இல்லை, என்றைக்குமே இருந்ததில்லை. அதுதான் வில்ஷ்கா, மத்தது எல்லாம் நீ அவனுக்குப் போட்டுவிடுகிற ஸ்வெட்டர் என்பான் சிவசைலம். விலக்குகிற வார்த்தையில் சூடும், சேர்க்கிற வார்த்தையில் குளிரும் இருந்தது அவர்கள் இருவரையும் ஒருசேரப் பைத்தியமாக்கியது. மூன்றாவது வரிக்கு முடிவில் இருப்பது முற்றுப்புள்ளியா இரட்டைப்புள்ளியா, மேல் புள்ளி மை தெறித்ததா, என்று ரசீதின் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு டிசம்பர் முழுக்கப் பார்த்தார்கள். எண்பது வயதில் ஒட்டிலியேயை ஒருத்தர் தேடிப்போய்க் கேட்டபோது அந்த அம்மாள், "எனக்கு ஞாபகமில்லை, பூனையிடம் சொல்லியிருப்பார்" என்றாளாம். பதிப்பகத்துப் பையன் ஒரு யோசனை சொன்னான், "மேடம், எழுவாயையே தூக்கிட்டா என்ன, வீட்டில் இல்லைன்னு மட்டும் போட்டுடலாமே, தமிழ்ல இடம் இருக்கே." கூடாது என்று இரண்டுபேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கடைசியாக ஒரே குரலில் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறாள், தேதி நினைவில்லை.

தாழ்வாரத்து மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டது, எதிர் பெஞ்சில் பச்சை சுடிதார் போட்ட ஒரு சின்னப் பெண்ணும் அவள் புருஷனும் ஆளுக்கொரு வக்கீலோடு உறுமிக்கொண்டிருந்தார்கள், வக்கீல்கள் நகர்ந்ததும் அவன் இருமினான், அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் பக்கம் பார்க்காமலே நீட்டினாள், அவனும் பார்க்காமலே வாங்கிக் குடித்தான். வசுமதி வேறு பக்கம் பார்த்தாள். நாங்கள் அப்படிச் சத்தம் போட்டதில்லை என்று நினைத்தாள், உடனே அது பொய் என்று தெரிந்தது, போட்டோம், ஜெர்மனில் போட்டோம். வகுப்பில் சேர்ந்த புதிதில் அவர்கள் ஒருவரையொருவர் நீ என்றுதான் பேசிக்கொண்டார்கள், ஒரே வயசு, ஒரே பஸ், கல்யாணமானதும் மாமியார் ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "நாலுபேர் முன்னால புருஷனை நீ வான்னு பேசாதம்மா, காதுக்கு நல்லால்ல" என்றாள், கோபமாகக்கூட இல்லை, அம்பாசமுத்திரத்துக் குரலில் பொறுமையாக, அன்றிலிருந்து நீங்க. நாலுபேர் இல்லாதபோதும் நீங்க. நாக்கு அப்படியே படிந்துவிட்டது. ஜெர்மனில் மட்டும் பழைய 'டூ' அப்படியே இருந்தது, நீ, வெறும் நீ, அதில் யாரும் கைவைக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் புரியவில்லை. ஆகவே மாமியாருக்கும் மகளுக்கும் தெரியாமல் சண்டை போடவேண்டும் என்றால் ஜெர்மன், அதுதான் வெளிக்காரணம், உள்காரணம் அந்த மொழியில்தான் அவளால் நிமிர்ந்து நின்று நீ என்று சொல்ல முடிந்தது. டூ பொய் சொல்கிறாய், டூ எப்போதும் இப்படித்தான், டூ மூணாவது வரியைக் கொலை செய்துவிட்டாய். வில்ஷ்காவின் இலக்கணத்தையும் பால் பொங்கி வழிந்ததையும் ஒரே மூச்சில் திட்டிக்கொள்வார்கள். மகள் மாலினி பேசப் பழகிய காலத்தில் கற்றுக்கொண்ட முதல் ஜெர்மன் சொல் 'கெனூக்', போதும், அதைச் சொல்லிவிட்டு அப்பாவைப்போலவே உள்ளங்கையை மேசையில் அடிப்பாள், வந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். இப்போது பெங்களூரில் இருக்கிறாள். ரெண்டுபேரும் பெரியவங்க, எங்களால என்ன சொல்லமுடியும் என்று போனில் சொன்னாள். எங்களால. மாப்பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு, அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு. தப்பாகச் சொல்லவில்லை, சரியான தமிழ்தான்.

நங்கநல்லூர் வாடகை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமியார் மகளைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ போயிருந்தாள், மேசையில் அகராதிகள், மோர்சாதம் சாப்பிட்ட தட்டுகள் கழுவாமல், பதினேழாவது கவிதை, வாசலில் தட்டும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று தட்டு. வசுமதி எழுந்துகொள்ளப் போனாள், சிவசைலம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்காற்றாகச் சொன்னான், "நாம வீட்ல இல்ல." தட்டினவர் கொஞ்சநேரம் நின்றார், செருப்புச் சத்தம் போயிற்று, இவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசிக் கவிதைக்கு வந்தபோது அந்த மத்தியானத்தைச் சிவசைலம் சாட்சியாக இழுத்தான், பார்த்தியா, நான் என்ன சொன்னேன், நாமன்னுதானே சொன்னேன், உள்ளே இருக்கிறவனுக்கு அப்படித்தான் வரும். வசுமதி விடவில்லை, நீங்க என்கிட்டச் சொன்னீங்க, கதவுகிட்ட இல்ல, கவிதை கதவுகிட்டப் பேசுது. தட்டினது யார் என்பதிலும் ஒத்துப்போகவில்லை. அவளுக்கு அது பெரம்பூரிலிருந்து வந்த அவளுடைய சித்தப்பா, சொல்லாமல்கொள்ளாமல் வருகிறவர், பிற்பாடு வந்தேனே, பூட்டியிருந்ததே என்று அவரே சொன்னார். அவனுக்கு அது கேஸ் சிலிண்டர்காரன். ஞாயிற்றுக்கிழமை எவன் சிலிண்டர் கொண்டுவருவான் என்று அவள் கேட்டால், பூட்டியிருந்ததாகச் சித்தப்பா சொன்னாரே, பூட்டு எங்கே இருந்தது, உள்தாழ்ப்பாள்தானே என்பான். பூட்டு இல்லைதான். அப்படியானால் சித்தப்பா வேறு என்றைக்கோ வந்திருக்கவேண்டும். அப்படியானால் அன்று நின்றது யார். மணிக்கட்டைப் பிடித்த பிடி நினைவிருக்கிறது, கட்டைவிரல் நகத்தில் மைக்கறை, அது நீலமா கருப்பா, கருப்பு, அவன் எப்போதும் கருப்பு மைதான். இப்போது பெஞ்சின் அந்தக் கோடியில் முழங்காலின்மேல் கிடந்த கையைப் பார்த்தாள், சுத்தமான நகம், கொஞ்சம் வீங்கிய மூட்டு, ஐம்பத்தெட்டு வயதுக் கை.

எங்கே விட்டுப்போயிற்று என்று சொந்தக்காரர்கள் ஆறு மாதமாகத் துருவுகிறார்கள், மூன்றாவது ஆள் யாரும் இல்லை என்பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மூன்றாவது ஆள் வில்ஷ்காதான், அவனும் செத்து நூறு வருஷம் ஆயிற்று. சிவசைலம் ஹைதராபாத்தில் ஒரு பம்பு கம்பெனிக்கு ஜெர்மன் கையேடுகளை மொழிபெயர்க்கிற வேலை என்று போனான், இவள் பள்ளிக்கூடத்து ஜெர்மன் டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை, மாமியார் காலமானாள், மகள் கல்யாணமாகிப் போனாள், மாதம் இருமுறை வந்தவன் இருமாதத்துக்கு ஒருமுறை வந்தான், பிறகு வராததற்குக் காரணம் சொல்வதை நிறுத்தினான், இவள் கேட்பதை நிறுத்தினாள். இப்படித்தான், சட்டை காலர் நைந்துபோவதுபோல, எந்தச் சலவையில் நைந்தது என்று யாரால் சொல்லமுடியும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் அவள் அவன் அனுப்பிய மெயிலைத் திறந்தாள், அதில் இரண்டு இணைப்பு. ஒன்று கவிதைகளின் மெய்ப்பு, முப்பத்தொன்றாவது கவிதையில் ஒரு ஒற்று விடுபட்டதைக்கூடச் சிவப்பில் குறித்திருந்தான். மற்றது மனுவின் நகல். அவள் முதலில் ஒற்றைத்தான் திருத்தினாள். மெயிலின் அடியில், புத்தகத்தில் உன் பெயர் மட்டும் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, என்று ஒரு வரி. தாராளம்தான். வீட்டை எழுதிக்கொடுப்பதுபோல வில்ஷ்காவை எழுதிக்கொடுத்துவிட்டான். அந்த வரிக்காக அவள் அழுதாள், மனுவுக்காக அழவில்லை, கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு, அடுத்த பீரியட் எட்டாம் வகுப்பு, வேற்றுமை உருபு. பாதிச் சொல் அவனுடையது, எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது, பதினேழாவது கவிதையில் 'ஈரம்' அவள் போட்டது, 'காய்ந்த' அவன் போட்டது, நடுவில் இருக்கிற இடைவெளி யார் போட்டது. இதை எந்த நீதிபதி வந்து பிரிப்பார்.

வியர்த்தது. ஆதார் அட்டையின் அசல் கைப்பையில் இருக்கிறதா என்று மூன்றாம் தடவையாகத் தொட்டுப்பார்த்தாள், இருந்தது. அவளுக்குப் பயம் எதில் என்று அவளுக்கே தெரியும், தனியாக இருப்பதில் இல்லை, அது மூன்று வருஷமாக நடக்கிறது, சமையல் குறைந்ததில் சந்தோஷம்கூட. பயம் வாசிப்பதில். வில்ஷ்காவின் எந்த வரியை எடுத்தாலும் பக்கத்திலிருந்து 'இல்லை' என்று ஒரு குரல் சொல்லும், அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் அவளுக்கு அந்த வரி புரியும், இனிமேல் அந்தக் குரல் இல்லை என்றால் அவள் வாசிப்பதெல்லாம் சரியாகிவிடும், யாரும் மறுக்காமல், எல்லாமே சரி. எவ்வளவு பயங்கரம். அப்போதுதான், அருள்மொழி காதில் போட்டுவிட்டுப் போன வார்த்தை மேலே வந்தது, இஷ்டமில்லை என்று ஒரு வார்த்தை. சொல்லலாமே. எதற்காகச் சொல்வது, காதலா என்று யாராவது கேட்டால் சிரிப்பு வரும், இந்த வயதில் இந்தத் தாழ்வாரத்தில், ஆனால் ஒரு மனுஷன் இத்தனை வருஷம் ஒரே ஒரு வார்த்தைக்கு விட்டுக்கொடுக்காமல் நின்றான் என்றால் அவனோடு ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது, சண்டை மிச்சமிருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. மெயிலில் எழுதிய அந்த வரி அசதியில் எழுதியதாக இருக்கலாம். பார்த்துவிடலாம். இப்போது இந்த பெஞ்சில் வைத்துக் கடைசி வரியை எடுத்துப்போடுவது. அவன் எகிறினால், ஒரே ஒரு இல்லை சொன்னால், உள்ளே போய் நீதிபதியிடம் எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிடுவது. வக்கீலுக்கு முகம் சுருங்கும், சுருங்கட்டும். மாலினிக்குத் தலைவலி, இருக்கட்டும். முடிவெடுத்ததும், பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு மணிக்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. டவாலி போட்ட சேவகர் கதவருகே வந்து வேறு யாரோ ஒரு பெயரை இழுத்துக் கூப்பிட்டார், எதிர் பெஞ்சுக்காரர்கள் எழுந்து போனார்கள், தண்ணீர் பாட்டில் பெஞ்சிலேயே கிடந்தது.

"நேத்து பதிப்பகத்துல பேசினேன்" என்றாள் வசுமதி, முன்னால் பார்த்துக்கொண்டே. "ம்" என்றான் சிவசைலம். "புஸ்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது. கடைசிக் கவிதையில 'நாங்கள்'னே போட்டுக் கொடுத்துட்டேன்." அது பொய். அந்தப் பக்கம் இன்னும் அவளுடைய மேசையில்தான் கிடந்தது, அந்த இடத்தில் பென்சிலில் ஒரு வட்டம் மட்டும், வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. அவன் திரும்பினான். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், வலது ஆட்காட்டிவிரல் முழங்காலிலிருந்து மெல்ல எழும்பியது, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்த விரல், அது எழும்பினால் அடுத்தது அப்படி இல்லை வசு என்று வரும், பிறகு இரட்டைப்புள்ளி வரும், சரக்கு ரசீது வரும், பூனை வரும், சிலிண்டர்காரன் வருவான். வா, என்று அவள் மனசு சொன்னது. விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கி ஃபைலின்மேல் இருந்த ஏதோ ஒரு தூசியைத் தட்டிவிட்டது. "சரி" என்றான் சிவசைலம். "நாங்கள். யோசிச்சுப் பார்த்தா அதுவும் நல்லாத்தான் இருக்கு." யார் வீட்டிலோ சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும்போது சாம்பாரைப் பற்றிச் சொல்வார்களே, அந்த நல்லாத்தான் இருக்கு. அவள் விடவில்லை, "நீங்கதானே நாம்னு..." என்று ஆரம்பித்தாள், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அது அப்போ, வசுமதி" என்றான் அவன், அன்பாகவே, வசு என்று சொல்லாமல் முழுப்பெயரையும் சொல்லி. "உனக்கு எது தோணுதோ அதைப் போடு. இனிமே அது உன் புஸ்தகம்தானே. இதுக்குப்போய் நாம எதுக்கு அடிச்சுக்கணும்." பிறகு, வெயில் அதிகமாக இருக்கிறது, போகும்போது ஆட்டோ பிடித்துக்கொண்டு போய்விடு, முட்டிவலியோடு பஸ்ஸில் ஏறாதே என்றான். உண்மையான அக்கறைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாம எதுக்கு அடிச்சுக்கணும். அவளுக்கு அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமே அகப்படவில்லை, எழுவாய் சரி, பயனிலை சரி, எங்கேயும் ஒற்று விடுபடவில்லை, சொன்னவர் யாரோ ஒரு நல்ல மனிதர், பிளாஸ்டிக் ஃபைலோடு ரயிலில் வந்திருக்கிறார், சாயந்திரம் திரும்பிப் போகவேண்டும். வலிக்கும் என்று காத்திருந்தாள், வலிக்கவில்லை, பல்லுக்கு மரமரப்பு ஊசி போட்ட பிறகு நாக்கால் தொட்டுப்பார்ப்பதுபோல மறுபடி மறுபடி அந்த இடத்தைத் தொட்டுப்பார்த்தாள். ஒட்டிலியேக்கு எண்பது வயதில் நிஜமாகவே ஞாபகம் இருந்திருக்காது என்று முதல்முறையாக நம்பினாள். இவ்வளவு நாளாக அந்த அம்மாள் எதையோ மறைக்கிறாள் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள், அதில்கூட ஒற்றுமை இருந்தது, மறைக்க ஒன்றுமே இல்லாமல் போவதும் உண்டு என்று இருவருக்கும் தோன்றவில்லை. அருள்மொழி புடவைக்கு மேல் கருப்பு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறி வந்தாள், மூச்சு வாங்கியது, "அடுத்தது நம்மளுதுதான், வாங்க வாங்க" என்றாள். டவாலிக்காரர் கூப்பிட்டார். சிவசைலம் எழுந்து, முதலில் நீ போ என்பதுபோலக் கதவருகே ஒதுங்கி நின்றான்.

உள்ளே எதிர்பார்த்ததைவிடச் சின்ன அறை. நீதிபதி கட்டைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, பெயர்களைச் சரிபார்த்தார், ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். முதலில் சிவசைலத்திடம் கேட்டார், யாராவது கட்டாயப்படுத்தினார்களா, சேர்ந்து வாழ வழி ஏதும் உண்டா, முழுச் சம்மதத்தோடுதான் வந்திருக்கிறீர்களா. அவன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, நிதானமாகப் பதில் சொன்னான், கட்டாயமில்லை சார், வழியில்லை சார், சம்மதம் சார். அருள்மொழி பக்கவாட்டில் வசுமதியைப் பார்த்துத் தலையசைத்தாள். நீதிபதி ஒரு பக்கத்தைப் புரட்டினார். "நீங்க சொல்லுங்கம்மா," என்று ஆரம்பித்தார், "உங்களை யாராவது..."

"சம்மதம்" என்றாள் வசுமதி.

சிவசைலம் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"இருங்கம்மா," என்றார், "நான் இன்னும் கேட்டே முடிக்கல."